சுரங்க ஊர் நூதனசாலைகளும் எமது றங்குப் பெட்டிகளும்

பழம் பொருள்களைச் சேர்த்து வைப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எம்மவரிடையே உண்டு. கூரைக்குத் தகரம் இல்லாதவனுக்கு நூதனசாலை எதற்கு என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைகளிலே, சுரங்கத் தொழில் ஓய்ந்துபோன சின்னஞ்சிறு ஊர்களில், அவ்வூர் மக்களே முன்னின்று உருவாக்கிய நூதனசாலைகள் சிலவற்றைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அங்கே கண்டவற்றுள் சில, ஊரையும் காணியையும் இழந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு நேரடியாகவே சம்பந்தப்பட்டவை என்பது எமது கருத்து. எனவே இதனை எழுதுகிறோம்.

சில்வர்ட்டன், யூரே, டெலுரைட் ஆகிய மூன்று ஊர்களும் சான் ஹுவான் என்னும் மலைத்தொடரில் உள்ளன. லெட்வில் என்னும் ஊர் இவற்றுக்கு வடக்கே, வேறு மலைகளில் உள்ளது. சில்வர்ட்டன் கடல் மட்டத்திலிருந்து 9,318 அடி உயரத்தில் இருக்கிறது. எமது பீதுருதாலகாலையின் உச்சியோ 8,281 அடி. அதாவது எமது நாட்டின் அதியுயர்ந்த சிகரத்துக்கும் ஆயிரம் அடி மேலே ஓர் ஊர். அங்கே பாடசாலை, ஆலயம், நீதிமன்றம், சிறைச்சாலை எல்லாம் உண்டு. லெட்வில் 10,000 அடியையும் தாண்டியது. நெல்லோ குரக்கனோ விளையாத குளிர் நிலம். வெள்ளையர் அங்கே ஏறியது மண்ணுக்குள் கிடந்த வெள்ளிக்காகவும் பொன்னுக்காகவுமே.

1870களின் இறுதியில் லெட்வில்லுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 1882இல் சில்வர்ட்டனுக்கு ரயில் பாதை வந்தது. மாதந்தோறும் 45 இலட்சம் அவுன்ஸ் வெள்ளியை அரசே வாங்கவேண்டும் என 1890இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1893இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. வெள்ளியின் விலை விழுந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, சில ஊர்கள் ஒரே வருடத்தில் வெறுமையாகின. எமது வெங்காயம் தோட்டத்தில் கிடங்கு கிண்டும் வேளையில் வெளிநாட்டு வெங்காயம் கப்பலில் வந்திறங்கினால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. எங்கோ தூரத்தில் இடப்படும் ஒரு கையொப்பம் உழைப்பவனின் அடுப்பை அணைத்துவிடுகிறது. தப்பிப் பிழைத்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சில்வர்ட்டனின் கடைசிப் பெரிய சுரங்கமான சன்னிசைட் 1991இல் மூடப்பட்டது.

போக இடமின்றியோ போக மனமின்றியோ எஞ்சியிருந்தவர்கள்தாம் இந்த நூதனசாலைகளைத் தொடங்கினார்கள். இவற்றுக்கென மாடமாளிகை எதுவும் கட்டப்படவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சில்வர்ட்டனில் 1902இல் கட்டப்பட்ட சிறைச்சாலையே இன்று நூதனசாலை. யூரேயில் 1887ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புனித சூசையப்பர் சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனை. இரக்கத்தின் அருட்சகோதரிகள் சபையினர் நடத்திய அம்மருத்துவமனையின் அறைகளில்தான் இப்போது ஊரின் பழம் பொருள்கள் உள்ளன. டெலுரைட்டிலும் 1896இல் எழுந்த மருத்துவமனைக் கட்டடமே நூதனசாலையாகியிருக்கிறது. லெட்வில்லில் ஒரு பழைய வாசிகசாலை. ஊருக்கு உதவாமற் போன கட்டடத்தை இடித்து விற்காமல், அதற்குள் ஊரையே எடுத்து வைத்துவிட்டார்கள் எனலாம். அவ்விடங்களில் வாசலில் நின்று வரவேற்பவர்களும் பெரும்பாலும் சம்பளம் பெறாத முதியவர்களே. தகப்பனோ பாட்டனோ சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பதில் சொல்லும் எமது ஊர்க் கிழவர்களைப் போன்றவர்கள்.

உள்ளே இருப்பவை பெரும்பாலும் விலைமதிப்பற்ற சாதாரணப் பொருள்கள். பாறை வெடிப்பில் குத்தி நிறுத்தும் இரும்பு மெழுகுதிரித் தாங்கி. அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்று. அடித்தட்டில் சூடான தேநீர், மேல்தட்டில் சாப்பாடு, தேநீரின் வெக்கையில் சாப்பாடு ஆறாது. சுரங்கத்துக்குள் தலையில் மாட்டும் காபைட் விளக்கு. மாம்பழத்தை அவசரமாகப் பழுக்கவைக்க எமது வியாபாரிகள் சிலர் களவாக இடுகிறார்களே, அதே காபைட் கல்தான். விளக்கின் மேற்பாதியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழ, எழும் வாயு எரிந்து வெளிச்சம் தரும்.

காற்றழுத்தத்தால் இயங்கும் துளையிடும் இயந்திரம் இல்லாத சுரங்க நூதனசாலை அருமை. கையால் உளி பிடித்துச் சம்மட்டியால் அடித்துச் செய்த வேலையை அது பல மடங்கு விரைவாக்கியது. ஆனால் அக்காலத்து இயந்திரம் உலர்ந்த பாறையைத் துளைத்ததால் கண்ணாடித் தூள் போன்ற தூசு எழுந்தது. அத்தூசு நெஞ்சுக்குள் படிந்து, திடகாத்திரமான மனிதன் சில வருடங்களில் மூச்சுவிட முடியாமல் இறந்துபோனான். ஆகவே அந்த இயந்திரத்துக்குத் தொழிலாளர் இட்ட பெயர் 'விதவையாக்கி'. பின்னர் துளைக்கும்போதே தண்ணீர் பாயும் இயந்திரம் வந்து தூசு அடங்கியது. இந்த விபரம் தெரியாமல் அதைப் பார்ப்பவனுக்கு அது ஒரு பழைய இரும்பு. விபரம் தெரிந்தால் அது ஒரு சாட்சி.

அந்த விபரத்தைத் தருவது ஒரு சிறு அட்டை. இந்த நூதனசாலைகளில் எமது மனதை மிகவும் கவர்ந்தது அதுவே. பொருளின் பெயர், அது எதற்குப் பயன்பட்டது, யாருடையது, எந்தச் சுரங்கம், யார் எப்போது கொடுத்தார், இவ்வளவுதான். சில அட்டைகள் பழைய தட்டச்சில், சில கையெழுத்தில். பொருளைத் திருடினாலும் துருப்பிடித்தாலும் அட்டையும் பதிவுப் புத்தகமும் இருந்தால் கதை நிலைக்கும். அட்டை தொலைந்தாலோ பொருள் ஊமையாகிவிடும்.

இவ்வளவு புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அட்டையை எழுதுபவன் யார் என்பதே இங்கு பெரிய கேள்வி. ஊரில் எஞ்சி நின்றவன் எழுதுகிறான். ஊரிலிருந்து துரத்தப்பட்டவனும், ஊரில் பெயரின்றிச் செத்தவனும் எழுதுவதில்லை. ஆகையால் இத்தகைய இடங்களில் பொதுவாகச் சுரங்க முதலாளியின் வீட்டுப் பியானோவுக்கும் அவர் மனைவியின் பட்டுச் சட்டைக்கும் நல்ல இடம் கிடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு மூன்று டொலர் கூலி வாங்கி, அதில் ஒரு டொலரைக் கம்பனியின் விடுதியில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்குமாகத் திருப்பிக் கொடுத்தவனின் உடுப்பு கந்தலாகி எறியப்பட்டுவிட்டது.

யூரே என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு மனிதரின் பெயர். அம்மலைகளில் வெள்ளையருக்கு முன்னிருந்தே வாழ்ந்த யூட் என்னும் பூர்வீக மக்களின் தலைவர் அவர். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தம் அம்மலைகளை யூட் மக்களுக்கே உரியவை என்றது. வெள்ளி அகப்பட்டதும் 1873இல் புதிய உடன்படிக்கை. ஏறக்குறைய 37 இலட்சம் ஏக்கர் அவர்களிடமிருந்து போயிற்று. சுரங்கம் இருக்கும் மலையை மாத்திரம் கொடுக்கிறோம், பள்ளத்தாக்குகள் எம்முடையவை என்றே யூட் மக்கள் விளங்கியிருந்தார்கள். எழுத்தில் இருந்ததோ வேறு. யூரே 1880இல் இறந்தார். மறுவருடமே, 1881இல், அவருடைய மக்கள் இராணுவக் காவலுடன் அயல் மாநிலமான யூட்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருடைய மனைவி சிப்பேட்டாவும் தாம் வாழ்ந்த பண்ணையை விட்டு அவர்களோடு போனார். வறண்ட நிலத்தில் நாற்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து 1924இல் அங்கேயே இறந்தார். இறந்தபின் அவருடைய உடலை மொன்ட்ரோஸ் என்னுமிடத்திலுள்ள அந்தப் பழைய பண்ணை நிலத்துக்கே 1925இல் எடுத்துவந்து அடக்கம் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத காணி!

அந்த இடத்தில் 1956இல் யூட் மக்களின் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. யூரே ஊரிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 35 மைல். மலையேறிச் சுரங்க ஊரைப் பார்ப்பவர் பள்ளத்தாக்கிலுள்ள அதையும் பார்த்தாலன்றிக் கதை முழுமையடையாது. வெளியேற்றியவரின் கதை ஒரு கட்டடத்தில், வெளியேற்றப்பட்டவரின் கதை வேறொரு கட்டடத்தில் என்று கிடப்பது அந்நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல.

டெலுரைட்டில் வேறொரு வெளியேற்றம். எட்டு மணிநேர வேலைநாள் கேட்டு 1903இல் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆளுநர் படையை அனுப்பினார். 1904 மார்ச் மாதத்து இரவொன்றில் ஊரின் பிரமுகர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதங்களோடு வீடு வீடாகச் சென்று, சங்கத்துத் தொழிலாளரைப் பிடித்து ரயிலில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். குற்றப்பத்திரம் இல்லை, விசாரணை இல்லை. இன்று அவ்வூர் பனிச்சறுக்கு விளையாடும் செல்வந்தர்களின் ஊர். அங்கு வேலை செய்பவர்கள் பலர் அங்கே குடியிருக்க வாடகை கட்ட முடியாமல் தூர ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள்.

லெட்வில் சேமக்காலையைப் பற்றிச் சொல்லாமல் விட எமக்கு மனம் வரவில்லை. அங்கே கத்தோலிக்க ஏழைகளுக்கென ஒதுக்கிய பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். பெரும்பான்மையோர் அயர்லாந்திலிருந்து பஞ்சத்தாலும் வேலையின்மையாலும் பிழைக்க வந்தவர்கள். அயர்லாந்தின் பேரா தீபகற்பத்துச் செப்புச் சுரங்கங்கள் நொடித்ததும் கடல் கடந்து வேறு சுரங்கம் தேடியவர்களும் அவர்களில் உண்டு. இளைஞர்களும் கைக்குழந்தைகளுமே அதிகம். குழிகளுக்கு மேல் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. காட்டு மரங்கள் வளர்ந்து, மண் அமிழ்ந்த பள்ளங்களே அடையாளமாயின. அவர்களுடைய பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னம் 2023இல்தான் திறந்துவைக்கப்பட்டது. ஏறக்குறைய நூற்று நாற்பது வருடம் சென்றபின்! இவ்வளவு காலத்துக்குப் பின்னர் பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன? பங்கு ஆலயத்தின் அடக்கப் பதிவேடு கைகொடுத்தது. குருவானவர் ஒருவர் ஏழைக்கும் ஒரு வரி எழுதிவைத்தார். அந்த ஒரு வரிதான் இன்று கல்லாகியிருக்கிறது. எமது பங்குகளில் ஞானஸ்நானப் பதிவையும் மரணப் பதிவையும் அசட்டையாக எழுதுவோர் இதனை நினைத்துப் பார்ப்பார்களாக.

சுரங்கம் விட்டுச் சென்ற இன்னொரு பொருளை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அடைக்க முடியாது. 2015 ஓகஸ்ட் 5ஆம் திகதி, சில்வர்ட்டனுக்கு மேலேயுள்ள கோல்ட் கிங் என்னும் கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாயில், சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கீழ் வேலை செய்தவர்களின் கையில் உடைத்துக்கொண்டது. முப்பது இலட்சம் கலன் நச்சுத் தண்ணீர் ஆற்றில் பாய்ந்தது. அனிமாஸ் ஆறு மஞ்சளாகியது. அந்த ஆறு போய்ச் சேரும் சான் ஹுவான் ஆற்றங்கரையில், மலைக்கு வெகு கீழே, நவஹோ என்னும் பூர்வீக மக்கள் சோளமும் வத்தகப் பழமும் பயிரிடுகிறார்கள். வாய்க்கால்கள் மூடப்பட்டன. சிப்ரொக் பகுதியின் கமக்காரர் பயிர் வாடினாலும் பரவாயில்லை, அந்தத் தண்ணீர் எமது மண்ணில் ஏறக்கூடாது என்று தீர்மானித்து வாய்க்காலைத் திறக்க மறுத்தனர். வெள்ளியை எடுத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். வெள்ளியையே காணாத கமக்காரன் கடைசிக் கணக்கைக் கட்டினான். 2022இல் நவஹோ மக்களின் அரசுக்கு 3 கோடியே 10 இலட்சம் டொலர் கொடுப்பதற்கு ஐக்கிய அமெரிக்க அரசு இணங்கியது. பழைய விளக்கையும் சம்மட்டியையும் அழகாக வைத்துவிட்டு இந்த ஆற்றை மறந்துவிடும் நூதனசாலை, எமது பார்வையில் அரைக் கதையே.

சில்வர்ட்டனின் மலைச்சரிவில் 'சுரங்கங்களின் கிறிஸ்து' என்னும் பளிங்குச் சுரூபம் நிற்கிறது. தொழில் நலிந்து ஊர் சோர்ந்திருந்த வேளையில், 1959இல், பங்கு மக்கள் தம் கைகளாலேயே கற்களைச் சுமந்து கட்டிய இடம் அது. 1978 யூன் 4ஆம் திகதி, சன்னிசைட் சுரங்கத்துக்கு மேலே இருந்த எம்மா என்னும் ஏரியின் அடி உடைந்து, ஏரி முழுவதும் சுரங்கத்துக்குள் இறங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஒருவரும் இல்லை. சுரூபத்தின் காவல் என்று ஊர் மக்கள் நம்புகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தோடு நாம் வழக்காடப் போவதில்லை. ஓய்வுநாள் என்ற கட்டளை தொழிலாளிக்கு எவ்வளவு நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கலாம்.

இனி எமது விடயத்துக்கு வருவோம். யோர்தானைக் கடந்த இஸ்ராயேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நாட்டியதாக யோசுவா ஆகமம் கூறுகிறது. பிற்காலத்தில் பிள்ளைகள் இக்கற்கள் என்ன என்று கேட்பார்கள், அப்போது நடந்ததைச் சொல்லவேண்டும் என்பதே நோக்கம். அவர்களும் அப்போது வீடில்லாதவர்களே, கூடாரத்தில் இருந்தவர்களே. எல்லாம் அமைந்தபின் கல் நாட்டலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எமது குடும்பங்கள் பலமுறை இடம்பெயர்ந்தும் கைவிடாத ஒரு றங்குப் பெட்டி உண்டு. காணி உறுதி, பிறப்பத்தாட்சி, கலியாணப் படம், கூப்பன் அட்டை, ஒரு செபமாலை. சிலரிடம் அம்மம்மாவின் பாக்குவெட்டி, சிலரிடம் பூட்டிவந்த வீட்டின் திறப்பு. வீடே இல்லாத திறப்பு! இவற்றுக்கு அட்டை எழுதப்படவில்லை. எழுபது வயதுத் தாய் இருக்கும்வரை அவை பேசும். அதன்பின் பேரப்பிள்ளைக்கு அது பழைய இரும்பு. பழம் பொருள் வியாபாரி வந்து நிறுத்து வாங்கிக்கொண்டு போவான். கொழும்பிலோ வெளிநாட்டிலோ எவருடைய வரவேற்பறையிலோ அது அலங்காரமாகத் தொங்கும், ஊர்ப் பெயர் இல்லாமல்.

ஆகவே கட்டடத்தைப் பற்றி இப்போது எவரும் யோசிக்க வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். எமது ஊரில் எத்தனை ஒழுங்கைகள், எந்த ஒழுங்கையில் யார் வீடு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர்; குளத்தின் துருசு எங்கே, எந்த வயலுக்கு என்ன பெயர், எந்தப் போகத்தில் என்ன நெல்; துலா மிதித்தவர், சூடு மிதித்தவர், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி. இவற்றை வயது சென்றவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். குறிப்பாகப் பெண்களிடம் கேட்கவேண்டும். ஆண்கள் எல்லையையும் வழக்கையும் சொல்வார்கள். எந்த வீட்டில் எந்த வருடம் பட்டினி, எந்தப் பிள்ளை காய்ச்சலில் போனது என்பதைப் பெண்களே சொல்வார்கள். கூலிக்கு வேலை செய்தவர்களையும், காணியின்றி வாரத்துக்கு விதைத்தவர்களையும், சாதியின் பெயரால் ஊர்க் கிணற்றில் அள்ள விடப்படாதவர்களையும் விட்டுவிட்டு எழுதினால், முதலாளியின் பியானோவை மட்டும் வைத்த கதையாகிவிடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவர்கள் எமது ஊர்களின் கொப்பியில் எழுதப்பட வேண்டும். கடை வைத்திருந்தவர், தையல்காரர், பக்கத்து வயல்காரர் எல்லோரும் பெயரோடு எழுதப்பட வேண்டும். எம்மை வெளியேற்றியவர்களின் பதிவில் நாம் இல்லை என்று குறைப்படும் உரிமை, அவர்களின் பெயரை எழுதிய கைக்கே உண்டு. சிலருக்கு இது கசக்கும்.

வயிற்றுக்கு வழியில்லாத வேளையில் இது தேவையா என்ற கேள்வியை மறுபடியும் எடுப்போம். நிவாரணமும் வீடும் காணியும் முதலில் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எந்தக் காணி, எங்கே அதன் எல்லை, யார் அங்கு இருந்தார்கள் என்று எழுதி வைத்திருப்பது காணியைக் கேட்கும் வேலைக்குப் புறம்பானதல்ல. யூட் மக்களின் விளக்கம் வாயிலிருந்தது, மற்றவர்களின் விளக்கம் தாளில் இருந்தது, வென்றது தாள். உறுதி எரிந்துபோனவர்கள், அரசு கொடுத்த அனுமதிப் பத்திரம் தொலைந்தவர்கள் எத்தனை பேர் அலுவலகப் படிக்கட்டுகளில் நிற்கிறார்கள். நான்கு வேலி அயலவரின் சாட்சியத்தைத் திகதியிட்டுக் கையொப்பத்தோடு எழுதிய ஒரு கொப்பி, உறுதிக்கு ஈடாகாது. என்றாலும் வெறுங்கையை விட மேலானது. அயலவர்கள் கனடாவிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். வயதும் போகிறது. இந்த வேலைக்குக் கால எல்லை உண்டு.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். சனிக்கிழமைகளில் இரண்டு மணிநேரம், ஒரு கிழமைக்கு ஒரு வீடு. சொன்னவரின் பெயர், வயது, சொன்ன திகதி, எழுதியவரின் பெயர் ஆகியவை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கட்டும். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. சொன்னதில் எதை வெளியில் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பொருள்களை வீட்டிலிருந்து வாங்கவேண்டிய அவசியமில்லை. றங்குப் பெட்டியில் உள்ளதை அங்கேயே வைத்துப் படம் எடுத்து, அட்டையை எழுதி, பொருளை உரியவரிடமே விட்டுவிடலாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. எனவே கொப்பி எழுதி முடிந்ததும் அதைப் பிரதி எடுக்கவேண்டும். ஒன்று ஊரவரிடம், ஒன்று பங்கு மனையில், ஒன்று வேறு மாவட்டத்திலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை மட்டும் நம்பவேண்டாம். தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் ஊரும் சேர்ந்து விழும். தாளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, கறையான் ஏறாத இடத்தில் வைக்கவும்.